ஜோடி சேர்த்துவிட்டால் மட்டும் போதாது: புது விவசாயி, வழிகாட்டி விவசாயி திட்டங்கள் பற்றி

புதிதாக விவசாயத்துக்கு வருபவரை அனுபவமுள்ள விவசாயி ஒருவரோடு இணைத்துவிடும் திட்டங்களின் நோக்கத்தில் எனக்குக் கருத்து வேறுபாடு இல்லை. நடத்தும் விதத்தில் நிறைய இருக்கிறது. ஒரு அறிமுகக் கூட்டம், ஒரு குரூப் போட்டோ, ஒரு வாட்ஸ்அப் குழு என்று தொடங்கும். மூன்றாவது மாதம் குழுவில் காலை வணக்கம் மட்டும் வந்துகொண்டிருக்கும். பயிர் வாடும் வாரத்தில் வழிகாட்டிக்கும் தன் வயலில் தலைக்கு மேல் வேலை.

'மாதம் ஒரு சந்திப்பு' என்று அட்டவணை போடுவதில்தான் கோளாறு ஆரம்பிக்கிறது. முடிவு எடுக்க வேண்டிய நாட்கள் மாதத்துக்கு ஒன்றாக வருவதில்லை, கொத்துக் கொத்தாக வரும். அதனால் சந்திப்பைப் பயிரின் பருவத்தோடு கட்ட வேண்டும்: விதைப்பதற்கு முன்பு, முளைத்த இரண்டு வாரத்துக்குள், பூக்கும் முன்பு, அறுவடைக்கு ஒரு வாரம் இருக்கையில், விற்று முடித்த பிறகு கணக்குப் பார்க்க. ஒரு பயிருக்கு இந்த ஐந்து வருகை, அதுவும் புதியவரின் வயலில், நடந்தால் போதும். மாதச் சந்திப்பை யாரும் தேட மாட்டார்கள்.

இவற்றில் அதிகம் தவறவிடப்படுவது முதல் வருகை. வெறும் நிலத்தில் பார்க்க என்ன இருக்கிறது என்ற நினைப்பு. என் கணிப்பில் பாதித் தோல்விகள் அன்றைக்கே முடிவாகிவிடுகின்றன. தண்ணீரை எடுத்துக்கொள்வோம். பம்பிலிருந்து வரும் தண்ணீரை 200 லிட்டர் பீப்பாயில் பிடித்து நேரம் பாருங்கள். நிரம்ப 200 விநாடி ஆனால், விநாடிக்கு 1 லிட்டர். ஆறு மணி நேரம் ஓட்டினால் 21,600 லிட்டர். வெயில் காலத்தில் ஒரு பயிர் நாளொன்றுக்கு 5 மில்லிமீட்டர் தண்ணீர் கேட்டால், ஒரு ஏக்கருக்கு ஏறக்குறைய 20,000 லிட்டர் வேண்டும். வாய்க்காலில் போகும் வீணைக் கழித்தால் அந்த ஒரு ஏக்கருக்கே இழுபறிதான். புதியவரோ மூன்று ஏக்கருக்கு விதை வாங்கி வைத்திருப்பார். இந்தக் கணக்கைப் பத்து நிமிடத்தில் போட்டுக் காட்டி, 'இந்தப் போகம் முக்கால் ஏக்கர் மட்டும்' என்று சொல்லும் வழிகாட்டி அன்றைக்கே தன் வேலையில் பாதியை முடித்துவிட்டார். இதே வருகையில் மண் மாதிரியும் எடுத்துவிடலாம். பத்துப் பதினைந்து இடத்தில், 15 சென்டிமீட்டர் ஆழத்துக்கு எடுத்துக் கலந்து, அரைக் கிலோவாகக் குறைத்துப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும். வரப்பு ஓரம், எருக்குழி பக்கம், மர நிழல் வேண்டாம்.

அடுத்து, யாரை வழிகாட்டியாகப் போடுவது. நாற்பது வருட அனுபவம் என்றதும் கண்ணை மூடிக்கொண்டு தேர்ந்தெடுக்கிறோம். அவர் நிலம் அப்பா வழியில் வந்தது. குத்தகை இல்லை, நிலக் கடன் இல்லை, வீட்டார் உழைப்புக்குக் கூலி எழுதுவதில்லை. அவர் 'இதில் லாபம் இருக்கிறது' என்று சொன்னால் அவர் அளவில் அது உண்மைதான். குத்தகை கட்டி, ஒவ்வொரு வேலைக்கும் ஆள் வைக்கும் புதியவருக்கு அதே பயிர் நஷ்டம். அதனால் ஜோடி சேர்க்கும்போது பயிரையும் ஊரையும் மட்டும் பார்க்காதீர்கள். தண்ணீர் எதிலிருந்து, நிலம் யாருடையது, எத்தனை ஏக்கர், என்ன இயந்திரம், விளைச்சலை எங்கே விற்கிறார் என்ற ஐந்தில் குறைந்தது மூன்று இருவருக்கும் ஒத்துப்போக வேண்டும்.

ஏழெட்டு வருடம் முன்பு வெறுங்கையோடு தொடங்கி நிலைத்து நிற்கும் ஒருவர் பல சமயம் மூத்தவரைவிட நன்றாகக் கற்றுத் தருவார். எங்கே குழம்பினோம் என்பது அவருக்கு இன்னும் மறக்கவில்லை. ஆனால் பெரிய வறட்சியை அவர் பார்த்திருக்க மாட்டார். முடிந்தால் வாராந்திரக் கேள்விகளுக்கு இவர், பருவத்துக்கு ஒருமுறை பெரியவர் என்று இரண்டு பேரைப் போடுங்கள்.

வயலில் நின்று பேசுவதற்கு ஒரு வரிசை உண்டு. முதலில் புதியவர் சொல்ல வேண்டும்: என்ன பார்த்தேன், என்ன செய்யப்போகிறேன், ஏன். அதுவரை வழிகாட்டி வாயைத் திறக்கக் கூடாது. கைதேர்ந்தவர்களுக்கு இது பெரிய தண்டனை! பயிரைப் பார்த்த அடுத்த நொடி பதில் நாக்கு நுனியில் வந்து நிற்கும். அதைச் சொல்லிவிட்டால் புதியவருக்குக் கிடைப்பது ஒரு உத்தரவு மட்டுமே, அடுத்த வாரம் மறுபடி போன் வரும். 1989இல் இந்தோனேசியாவில் நெல்லைத் தாக்கிய புகையான் பூச்சியைச் சமாளிக்க ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பின் ஆதரவோடு தொடங்கிய வயல்வெளிப் பள்ளிகளில் இதையே முறையாக்கி வைத்திருந்தார்கள். வாரம் ஒருமுறை வயலில் இறங்கிப் பயிரையும் பூச்சிகளையும் பார்ப்பது, பார்த்ததைப் படமாக வரைவது, பிறகு என்ன செய்யலாம் என்று கூடிப் பேசுவது. 'இது என்ன பூச்சி' என்று விவசாயி கேட்டால், பயிற்றுநர் 'எங்கே இருந்தது, என்ன செய்துகொண்டிருந்தது' என்று திருப்பிக் கேட்பார்.

வாட்ஸ்அப் போட்டோ விவகாரம் தனி. மஞ்சள் இலை ஒன்றைக் கிட்டத்தில் படமெடுத்து அனுப்பி 'என்ன மருந்து?' என்று கேட்டால், நேர்மையான வழிகாட்டியால் பதில் சொல்ல முடியாது. அடி இலைகள் முதலில் மஞ்சளானால் தழைச்சத்துக் குறையாக இருக்கலாம். குருத்து இலை வெளுத்து நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் இரும்புச்சத்தைச் சந்தேகிக்க வேண்டும். தண்ணீர் தேங்கினாலும் அடி இலைதான் மஞ்சளாகும், பிடுங்கிப் பார்த்தால் வேர் பழுப்பாக, நாற்றத்தோடு இருக்கும். அதற்கு யூரியா போட்டால் காசுதான் போகும். ஆகவே ஐந்து படம் வேண்டும்: வயல் முழுவதும், ஒரு முழுச் செடி, அடி இலையும் குருத்தும் சேர்ந்து தெரிய ஒன்று, இலையின் அடிப்பக்கம், பிடுங்கிய வேர். கூடவே கடைசியாகத் தண்ணீர் பாய்ச்சிய தேதியும், உரம் வைத்த தேதியும், அளவும். இவை இல்லாமல் பதில் கிடையாது என்று முதல் நாளே பேசிவிடுங்கள்.

இன்னொரு வம்பு, மருந்து தெளிப்பதில் கை அளவுகள். 'ஒரு டேங்குக்கு ஒரு மூடி' என்று அனுபவசாலி சொல்வது அவருடைய நடைக்கும் அவருடைய நாசிலுக்கும் பொருந்தும் அளவு. பத்துக்குப் பத்து மீட்டர் இடத்தை அளந்து, வெறும் தண்ணீரை அடித்து, எவ்வளவு செலவானது என்று பாருங்கள். 4 லிட்டர் ஆனால் ஹெக்டேருக்கு 400 லிட்டர், அதாவது 16 லிட்டர் டேங்கில் 25 டேங்க். லேபிளில் ஹெக்டேருக்கு 500 மில்லி என்றிருந்தால் டேங்குக்கு 20 மில்லி. புதியவர் மெதுவாக நடந்து அதே இடத்துக்கு 6 லிட்டர் செலவழித்தால், அதே 20 மில்லி மூடியை நம்பி அடிக்கும்போது ஹெக்டேருக்கு 750 மில்லி போய்விடும். ஒன்றரை மடங்கு! வழிகாட்டி சொன்னபடிதான் அடித்தேன் என்று அவரும் சத்தியம் செய்வார்.

இனி எல்லோரும் தயங்கும் விஷயம், பணம். வழிகாட்டிக்குப் பணம் கொடுக்க வேண்டும். 'சேவை மனப்பான்மையோடு செய்கிறார்கள்' என்று பெருமையாகச் சொல்லும் திட்டங்களில், அறுவடை நேரம் வந்ததும் அந்தச் சேவைதான் முதலில் நிற்கும். ஒரு வருகைக்குத் தேர்ந்த டிராக்டர் ஓட்டுநரின் ஒருநாள் கூலிக்குக் குறையாமல் கொடுங்கள், போக்குவரத்துச் செலவு தனி. புதியவர் வழிகாட்டியின் பண்ணையில் தங்கி வேலை செய்வதாக இருந்தால் அது வேறு ஏற்பாடு, அதற்குப் புதியவருக்குச் சம்பளம் தர வேண்டும். அமெரிக்காவில் மேய்ச்சல் முறைப் பால் பண்ணைக்கென நடக்கும் தொழிற்பயிற்சி இரண்டு ஆண்டு, சுமார் 4,000 மணி நேரம், சம்பளத்தோடுதான் நடக்கிறது. 'கற்றுக்கொள்ள வந்தவர்தானே' என்று சாணி அள்ள மட்டும் விடுவதற்குப் பெயர் வழிகாட்டல் இல்லை.

விதையோ உரமோ விற்பவர், புதியவரின் விளைச்சலை வாங்குபவர், அவருக்கு நிலம் குத்தகைக்கு விட்டவர், இந்த மூவரும் எவ்வளவு நல்லவர்களாக இருந்தாலும் அவருக்கு வழிகாட்டியாக வேண்டாம். கேட்கும் ஆலோசனையில் எது அக்கறை, எது வியாபாரம் என்று புதியவரால் பிரித்தறிய முடியாது.

ஒத்துவராத ஜோடிக்கு வெளியேறும் வழியும் வேண்டும். முதல் 60 நாளுக்குள் இருவரில் யார் வேண்டுமானாலும் காரணம் சொல்லாமல் விலகலாம் என்று எழுதிவையுங்கள். இல்லாவிட்டால் மரியாதைக்காகச் சேர்ந்திருந்து, ஒருவர் போனை ஒருவர் எடுக்காமல் காலம் தள்ளுவார்கள். விலகலை ஒருங்கிணைப்பாளரிடம் சொன்னால் போதும், அடுத்த ஜோடியைத் தேடுவது அவர் வேலை.

ஒரு போகத்தோடு திட்டத்தை முடித்துச் சான்றிதழ் கொடுப்பதும் தப்பு. இரண்டாவது போகத்தில் வருகை இரண்டு போதும், விதைக்கு முன் ஒன்று, விற்ற பிறகு ஒன்று. நடுவில் எல்லா முடிவும் புதியவருடையது. தேதி, பார்த்தது, செய்தது, ஏன் செய்தேன், என்ன ஆனது என்று ஐந்து கட்டம் போட்ட நோட்டில் எழுதி வர வேண்டும். கடைசி வருகையில் வழிகாட்டி அந்த நோட்டையும் வரவு செலவையும் வைத்துக்கொண்டு, 'ஏன்' கட்டம் காலியாகக் கிடக்கும் தேதிகளை மட்டும் கேட்டால் போதும்.