செடி நம் வீட்டுக்கு வேலை பார்க்க வரவில்லை

"இந்தப் பத்துச் செடிகள் வீட்டில் இருந்தால் ஏர் பியூரிஃபையரே வேண்டாம்" என்று ஒரு படம் சில மாதங்களுக்கு ஒருமுறை சுற்றி வருகிறது. செடிகளின் பெயர் மாறும். கீழே இருக்கும் "நாசா நிரூபித்தது" என்ற வரி மட்டும் மாறவே மாறாது. எனக்குச் செடி பிடிக்கும், வீட்டில் வேண்டிய அளவுக்கு மேலேயே இருக்கிறது. ஆனாலும் அந்தப் படத்தைப் பார்த்தால் எரிச்சல் வருகிறது. தகவல் தப்பு என்பதற்காக மட்டும் இல்லை. செடி என்றதும் "இது நமக்கு என்ன செய்து தரும்?" என்றுதான் முதலில் கேட்கிறோம். அதற்கு என்ன வேண்டும் என்ற கேள்வி கடைசியில்தான் வருகிறது, பல நேரம் வருவதே இல்லை. நகரத்தில் தொட்டிச் செடி முதல் தெருமரம் வரை பட்டுப்போவதற்குப் பெரிய காரணம் இதுதான் என்று நினைக்கிறேன்.

முதலில் நாசா கதையை முடித்துவிடலாம். ஆய்வு நடந்தது உண்மை. 1989ல் வுல்வர்ட்டன் என்ற விஞ்ஞானியின் குழு, காற்றுப் புகாத சிறிய பெட்டிகளுக்குள் செடிகளை வைத்து, பென்சீன், ஃபார்மால்டிஹைடு போன்ற வாயுக்களை உள்ளே விட்டு, எவ்வளவு குறைகிறது என்று அளந்தது. குறையவும் செய்தது. விண்வெளி நிலையம் மாதிரி அடைபட்ட இடத்தை மனதில் வைத்துச் செய்த சோதனை அது. நம் வீடு மூடிய பெட்டி இல்லை. கதவிடுக்கிலும் ஜன்னல் வழியாகவும் காற்று வந்து போய்க்கொண்டே இருக்கிறது. 2019ல் அமெரிக்காவின் ட்ரெக்ஸல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கமிங்ஸ், வேரிங் என்ற இருவர் இதுமாதிரியான பழைய ஆய்வுகளை எடுத்து, எல்லாவற்றையும் ஒரே அளவுகோலில் கணக்கிட்டுப் பார்த்தார்கள். சாதாரணக் காற்றோட்டம் சும்மாவே செய்துவிட்டுப் போகும் வேலையைச் செடிகள் செய்ய வேண்டுமென்றால், ஒரு சதுர மீட்டருக்கு 10 முதல் 1000 செடிகள் வரை வேண்டும் என்று வந்தது. குறைந்த கணக்கான பத்தையே எடுத்துக்கொண்டாலும், பத்து சதுர மீட்டர் படுக்கையறைக்கு நூறு செடி. கட்டிலை எங்கே போடுவது? ஜன்னலைத் திறந்துவிட்டால் போதும்.

"இரவிலும் ஆக்சிஜன் தரும் செடி" என்று ஸ்னேக் பிளான்ட்டை விற்பதும் இதே வகைதான். வறண்ட நிலத்துச் செடி அது. பகல் வெயிலில் இலைத்துளைகளைத் திறந்தால் நீர் போய்விடும் என்பதால், இரவில் திறந்து கார்பன் டை ஆக்சைடை வாங்கிச் சேமித்து வைத்துக்கொள்கிறது. ஆக்சிஜன் உண்டாக வெளிச்சம் வேண்டும், ஆகவே அது பகல் வேலை. தன் தண்ணீரைக் காப்பாற்றிக்கொள்ள அது கண்டுபிடித்த தந்திரத்தை நாம் நமக்குச் செய்யும் சேவையாக மாற்றி எழுதிவிட்டோம்.

இதில் வேடிக்கை என்னவென்றால், வீட்டுக்குள் செடி வளர்க்கும் மோகம் பெரிதாகப் பரவியதே நேர் எதிரான காரணத்தால். லண்டனில் நத்தானியேல் வார்டு என்று ஒரு டாக்டர் இருந்தார். அவருக்குப் பெரணி (ஃபெர்ன்) செடிகள் மீது ஆசை. வீட்டின் பின்பக்கம் நட்டுப் பார்த்தார், நிலக்கரிப் புகையில் எல்லாம் செத்துப்போயின. 1829ல் ஒரு அந்துப்பூச்சியின் கூட்டுப்புழுவை ஈர மண்ணோடு கண்ணாடிப் புட்டியில் போட்டு மூடி வைத்திருந்தபோது, அந்த மண்ணிலிருந்து ஒரு சின்னப் பெரணியும் கொஞ்சம் புல்லும் தாமாக முளைத்தன. வெளியே வளர மறுத்தது மூடிய புட்டிக்குள் வளர்ந்தது. அதிலிருந்து வந்ததுதான் வார்டியன் பெட்டி என்ற மூடிய கண்ணாடிப் பெட்டி. கடல்கடந்து செடிகளை உயிரோடு கொண்டுபோக அது உதவியது, பணக்காரர் வீட்டு வரவேற்பறைக்கும் போய்ச் சேர்ந்தது. இன்று டெர்ரேரியம் என்று அழகாகக் கண்ணாடிக் குடுவையில் வைத்து விற்கிறார்களே, அதன் மூதாதை இதுதான். அதாவது நகரத்துக் காற்றிலிருந்து செடியைக் காப்பாற்றத்தான் அதை வீட்டுக்குள் கொண்டுபோனார்கள். இப்போது அதே காற்றைச் சுத்தம் செய்யும் பொறுப்பை அதன் தலையில் கட்டுகிறோம்.

சரி, செடிக்கு என்னதான் வேண்டும்? முதலில் வெளிச்சம். இரண்டாவதும் வெளிச்சம் என்றே சொல்வேன். நம் கண் இந்த விஷயத்தில் நம்மை நன்றாக ஏமாற்றுகிறது. வெளிச்சத்தை லக்ஸ் என்ற அலகில் அளக்கிறார்கள். உச்சி வெயிலில் வெளியே ஒரு லட்சம் லக்ஸ் வரை இருக்கும். விளக்குப் போட்ட அறைக்குள் சில நூறு லக்ஸ் இருந்தாலே பெரிய விஷயம். கண்மணி விரிந்து சுருங்கி இரண்டையும் நமக்கு "நல்ல வெளிச்சம்" என்று காட்டிவிடும். செடிக்கு அந்த வசதி கிடையாது. ஜன்னலிலிருந்து இரண்டு மூன்று எட்டு உள்ளே தள்ளி வைத்தாலே அதற்குக் கிடைக்கும் வெளிச்சம் பல மடங்கு குறைந்துவிடும். சோபாவுக்குப் பக்கத்து இருண்ட மூலைக்கு ஒரு செடி வேண்டும் என்று யாராவது கேட்டால், நான் விளக்கு வாங்கச் சொல்லிவிடுவேன். "எந்தச் செடி வாங்கலாம்?" என்று கேட்கும் நண்பர்களிடம் நான் திருப்பிக் கேட்பது "ஜன்னலுக்கு வெளியே என்ன இருக்கிறது?" என்றுதான். எதிர்க் கட்டடத்தின் சுவர் என்றால் ஒரு பதில், திறந்த வானம் என்றால் வேறு பதில்.

"எவ்வளவு இருட்டிலும் வளரும்" என்று சொல்லப்படும் செடிகளைக் கொஞ்சம் உற்றுப் பார்க்க வேண்டும். மணி பிளான்ட் காட்டில் பெரிய மரங்களின் நிழலில் தரையோடு ஊர்ந்து, ஒரு தண்டு கிடைத்ததும் அதைப் பற்றி வெளிச்சத்தை நோக்கி ஏறும் கொடி. ஏற ஏற அதன் இலை பெரிதாகும், மேலே போனபின் அதே செடிதானா என்று சந்தேகம் வரும் அளவுக்கு. நம் அலமாரி மேல் உள்ளங்கை அகல இலையோடு தொங்கிக்கொண்டிருப்பது அதன் வளராத பருவம். இசட் இசட் பிளான்ட் கிழக்கு ஆப்பிரிக்காவின் வறண்ட பகுதிகளிலிருந்து வந்தது. மண்ணுக்கடியில் கிழங்கில் நீரைச் சேர்த்து வைத்திருப்பதால் நம் மறதியைப் பல மாதம் தாங்கும். இவை இருட்டில் வளர்வதில்லை. மெதுவாகத் தேய்கின்றன, அவ்வளவுதான். சாவதற்கு அதிக நாள் எடுத்துக்கொள்வதை நாம் "சுலபமான செடி" என்கிறோம்.

தண்ணீர் விஷயத்தில் நிலைமை தலைகீழ். அன்பு காட்டியே கொல்கிறோம். வேருக்கும் மூச்சு உண்டு, மண் துகள்களுக்கு இடையில் இருக்கும் காற்றிலிருந்துதான் அது ஆக்சிஜன் எடுக்கிறது. எப்போதும் ஈரமாகவே வைத்திருந்தால் அந்த இடைவெளியெல்லாம் நீர் நிரம்பி வேர் அழுக ஆரம்பிக்கும். அழுகிய வேரால் நீரை உறிஞ்ச முடியாது, அதனால் இலை வாடும். வாடுவதைப் பார்த்து இன்னும் ஊற்றுவோம். விரலை ஒரு அங்குலம் மண்ணுக்குள் விட்டுப் பார்த்துவிட்டு ஊற்றுங்கள். நாளுக்கு ஒரு வேளை, கிழமைக்கு ஒரு கணக்கு என்று அட்டவணை போட்டு எந்தச் செடியும் தண்ணீர் குடிப்பதில்லை. இடையில் ஒன்று: தொட்டிக்கு அடியில் வைக்கும் தட்டு. அதில் நிற்கும் நீரில் கொசு முட்டையிட்டு ஒரு வாரம் பத்து நாளில் பறக்கத் தயாராகிவிடும். தட்டை வாரம் ஒருமுறையாவது கொட்டிக் கழுவ நேரமில்லை என்றால் தட்டே வைக்காதீர்கள். பூனையோ தவழும் குழந்தையோ இருக்கும் வீட்டில் டீஃபன்பாக்கியா மாதிரி வாயில் வைத்தால் எரிந்து வீங்கும் செடிகளையும், பூனைக்கு உயிராபத்தான லில்லியையும் கடையிலேயே விட்டுவிட்டு வாருங்கள்.

அப்படியென்றால் செடியால் நமக்கு ஒன்றுமே இல்லையா? இருக்கிறது. ஆனால் அது காற்று வடிகட்டுவதில் இல்லை. 1984ல் சயன்ஸ் இதழில் ரோஜர் அல்ரிச் என்ற ஆய்வாளர் எழுதிய ஒரு சின்னக் கட்டுரை இருக்கிறது. பென்சில்வேனியாவில் ஒரு மருத்துவமனையில் பித்தப்பை அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களின் பழைய குறிப்பேடுகளை எடுத்து, ஒரே மாதிரி நோயாளிகளாக 23 ஜோடி சேர்த்தார். ஜோடியில் ஒருவருக்கு ஜன்னல் வழியே மரங்கள் தெரிந்தன, இன்னொருவருக்குச் செங்கல் சுவர். மரம் தெரிந்தவர்கள் கொஞ்சம் முன்பாகவே வீடு திரும்பினார்கள், கடுமையான வலி மருந்துகளும் அவர்களுக்குக் குறைவாகவே தேவைப்பட்டன. சின்ன ஆய்வு, அதை வைத்து உலகத்தையே அளந்துவிட முடியாது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: அந்த மரங்கள் அறைக்குள் இல்லை. வெளியே மண்ணில் நின்றன.

அங்கேதான் என் பெரிய மனக்குறை. வீட்டுக்குள் பச்சை கூடிக்கொண்டே போகிறது, வெளியே குறைந்துகொண்டே போகிறது. கட்டட விளம்பரப் படங்களைப் பாருங்கள். ஒவ்வொரு பால்கனியிலும் மரம், சுவரெல்லாம் கொடி. படத்தில் மரத்துக்குத் தண்ணீர் வேண்டாம், வேருக்கு ஆழம் வேண்டாம், காற்றடித்தால் சாய்வதும் இல்லை. நிஜத்தில் ஈர மண் ஒரு கன மீட்டர் ஒன்றரை டன்னுக்கு மேல் இருக்கும், அதைத் தாங்கும்படி முதலிலேயே கட்ட வேண்டும். இத்தாலியின் மிலானில் 2014ல் கட்டி முடித்த போஸ்கோ வெர்ட்டிகாலே என்ற இரட்டைக் கோபுரத்தில் சுமார் 800 மரங்கள் உயரத்தில் நிற்கின்றன. நிற்கக் காரணம் இருக்கிறது. மரங்களைப் பலத்த காற்றை அடித்துச் சோதிக்கும் காற்றுச் சுரங்கத்தில் வைத்துப் பார்த்தார்கள், குறிப்பிட்ட கிளைகளை வெட்டக் கூரையிலிருந்து கயிறு கட்டி இறங்கும் தோட்டக்காரர்கள் இருக்கிறார்கள், பராமரிப்பு குடியிருப்பவர் இஷ்டத்துக்கு விடப்படவில்லை. சீனாவின் செங்டுவில் இதே ஆசையில் எட்டுக் கோபுரங்கள் எழுந்தன, 826 வீடுகள். 2020ல் செய்தி வந்தபோது ஏறக்குறைய பத்துக் குடும்பங்கள்தான் குடியேறியிருந்தன. ஆளில்லாத பால்கனிகளில் செடிகள் கண்டபடி வளர்ந்து தொங்க, கொசுத் தொல்லை என்று புகார். செடியை விற்பனை வசதியாகச் சேர்த்தார்கள், அதைப் பார்த்துக்கொள்ளும் ஆட்கள் அங்கே இல்லை.

பிளாஸ்டிக் இலையால் சுவரை மூடுகிறவர்களைப் பற்றி நான் எதுவும் சொல்லப்போவதில்லை. அதற்காவது தண்ணீர் கேட்காத நேர்மை இருக்கிறது.

தெருமரத்துக்கு வருவோம். ஒரு லிட்டர் நீர் ஆவியாக ஏறத்தாழ 0.68 யூனிட் மின்சாரத்துக்குச் சமமான வெப்பத்தை எடுத்துக்கொள்கிறது. வேருக்கு நீர் கிடைக்கும் ஒரு பெரிய மரம் வெப்பமான நாளில் நூறு லிட்டரை இலை வழியே வெளியேற்றும் என்று வைத்துக்கொண்டால், அது சுற்றுப்புறத்திலிருந்து இழுக்கும் வெப்பம் 68 யூனிட். நிழல் தனிக் கணக்கு. ஏசி அறையைக் குளிர்வித்து வெப்பத்தைத் தெருவில் கொட்டுகிறது, மரம் தெருவையே குளிர்விக்கிறது. "நமக்கு என்ன செய்து தரும்" என்ற கேள்விக்கு இதைவிட நல்ல பதில் எந்தத் தொட்டியாலும் தர முடியாது. ஆனால் அதற்கும் நிபந்தனை இருக்கிறதே: வேருக்கு நீர் கிடைக்க வேண்டும். மரத்தின் வேர்களில் பெரும்பகுதி ஆழத்தில் இல்லை. மேல்மட்டத்தில் ஒரு முழம் இரண்டு முழத்துக்குள், கிளை விரிப்பையும் தாண்டிப் பக்கவாட்டில் பரவுகிறது. அந்த இடத்தில்தான் நாம் அடிமரம் வரை சிமென்ட் பூசி, டைல்ஸ் ஒட்டி, மேலே வண்டியை நிறுத்துகிறோம். மழை இறங்காது, காற்றும் போகாது. பிறகு ஒரு பெருங்காற்றில் மரம் விழுந்தால் "பலவீனமான மரம், முன்பே வெட்டியிருக்கணும்" என்று பேசுகிறோம்.

இதைச் சரிசெய்ய வழி தெரியாமல் இல்லை. ஸ்வீடனின் ஸ்டாக்ஹோமில் நடைபாதைக்கு அடியில் பெரிய கற்களை அடுக்கி, இடைவெளியில் மண்ணும் மரக்கரியும் நிரப்பி, மழைநீரை அங்கே இறக்குகிறார்கள். மேலே ஆட்கள் நடந்து போகலாம், கீழே வேர் மூச்சு விடலாம். நகர மரங்களை ஆராயும் செசில் கோனெனன்டைக் 2021ல் 3-30-300 என்று ஒரு எளிய அளவு சொன்னார். வீட்டிலிருந்து மூன்று மரமாவது கண்ணில் பட வேண்டும், வசிக்கும் பகுதியில் 30 சதவீதம் மரநிழல் வேண்டும், 300 மீட்டருக்குள் ஒரு பூங்கா வேண்டும். இதில் ஒரு தொட்டிச் செடிக்குக்கூட இடம் இல்லை என்பது எனக்குப் பிடித்திருக்கிறது.

வீட்டுச் செடியே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஒன்றிரண்டை ஒழுங்காக வளர்த்துப் பார்த்தவருக்கு வேர், மண், வெளிச்சம் என்ற மூன்றும் பழகிவிடும். புதுத் துளிர் வந்த நாளில் வீட்டில் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டும் சந்தோஷமும் சின்னது இல்லை. ஆனால் அந்தப் பழக்கத்தை வாசலோடு நிறுத்த வேண்டாம். அடுத்த முறை உங்கள் தெருவில் நடைபாதை வேலைக்கு ஜல்லியும் சிமென்ட்டும் வந்து இறங்கினால், கலவை போடுவதற்கு முன் வெளியே போய் மரத்தைச் சுற்றி ஒரு மீட்டராவது மண்ணை விடச் சொல்லிக் கேளுங்கள். வேலை செய்பவர்கள் பெரும்பாலும் மறுப்பதில்லை, யாரும் கேட்காததால்தான் பூசிவிடுகிறார்கள். "மேலிடத்து உத்தரவு" என்றால் அந்த மேலிடத்தின் நம்பரை வாங்கிக்கொள்ளுங்கள். காய்ந்துவிட்டால் அப்புறம் உடைக்க ஆள் வரமாட்டார்கள்.