12 வோல்ட் ஷாக் அடிக்காது, ஆனால் மோதிரம் சுடும்

கார் பேட்டரியின் 12 வோல்ட் உடலைத் தாக்காது, ஆகவே மோதிரம், காப்பு முதலியவற்றைக் கழற்றத் தேவையில்லை என்று சொல்லப்படுவதில் முதல் பாதியை மட்டுமே ஏற்க முடிகிறது. உலர்ந்த தோலின் மின்தடை பல ஆயிரம் ஓம் என்பதால், உடல் வழியே பாயும் மின்னோட்டம் சொற்பமே. ஆபத்து நகை வழியே வருகிறது. நேர்முனையின் நட்டைக் கழற்றும் ஸ்பேனர் விரலிலுள்ள மோதிரத்தில் பட்டு, அதே மோதிரம் எதிர்முனையோடு இணைந்திருக்கும் காரின் உலோக உடலிலும் பட்டுவிட்டால், உள்தடை மில்லி ஓம் அளவிலேயே உள்ள லெட் ஆசிட் பேட்டரி நூற்றுக்கணக்கான ஆம்பியரை அந்தச் சிறு வளையத்தின் வழியே செலுத்தக்கூடும். ஓரிரு நொடியில் மோதிரம் பழுக்கக் காய்ந்து, விரலைச் சுற்றி ஆழமான தீக்காயத்தை உண்டாக்கிவிடும். இத்தகைய காயங்கள் மருத்துவ இதழ்களில் பலமுறை பதிவாகியுள்ளன. (தங்கத்துக்கு ஒன்றும் ஆகாது என்று நம்புவோர் கவனிக்க: வெள்ளி, செம்புக்கு அடுத்தபடியாக மின்சாரத்தை மிக நன்றாகக் கடத்தும் உலோகம் தங்கமே.)

எதிர்முனையை முதலில் கழற்றி, மாட்டும்போது அதைக் கடைசியில் மாட்டும் வழக்கம் காரில் இந்த ஆபத்தைப் பெருமளவு குறைக்கும். வீட்டு இன்வெர்ட்டர் பேட்டரியில் அது போதாது. இரு முனைகளும் மேற்புறத்திலேயே திறந்திருந்தால், டிஸ்டில்ட் வாட்டர் ஊற்றக் குனிபவரின் கழுத்துச் சங்கிலியே இரண்டையும் இணைத்துவிடலாம். சங்கிலியைக் கழற்ற மனமில்லாதவர்கள், அதை ஆடைக்குள் செருகிக்கொண்டு, முனைகளுக்கு ரப்பர் மூடியாவது போட்டு வைக்க வேண்டும்.