சிஏ 125ம் என் கர்ப்பப்பையும்

எனக்குக் கேன்சர் இருக்கிறது என்று யாரும் சொல்லவில்லை. இல்லை என்று எழுதிக் கொடுக்கவும் யாரும் தயாராக இல்லை. சில வருஷங்களாக இதுதான் நிலைமை. ரத்தத்தில் சிஏ 125 என்றொரு புரதம். சினைப்பைக் கேன்சர் இருந்தால் பெரும்பாலும் கூடுகிற புரதம். 35 யூனிட்டுக்குள் இருக்க வேண்டுமாம். எனக்கு அறுபதுக்கும் எண்பதுக்கும் நடுவில் ஆடிக்கொண்டிருக்கிறது. ஒருமுறை 92 வரை போனது. இறங்கவும் மாட்டேன் என்கிறது, ஒரேயடியாக ஏறவும் மாட்டேன் என்கிறது.

நீளமான பதிவு. பொறுமை இருப்பவர்கள் படியுங்கள். நாற்பதைத் தாண்டிய பெண்களும், அவர்கள் வீட்டு ஆண்களும் கட்டாயம் படியுங்கள்.

நான் வலி என்று எந்த டாக்டரிடமும் போகவில்லை. எங்கள் அலுவலகத்தில் வருஷா வருஷம் இலவச மாஸ்டர் செக்கப் உண்டு. சர்க்கரை, கொழுப்பு, தைராய்டு வரிசையில், பெண்களுக்கு மட்டும் கடைசியில் 'கேன்சர் மார்க்கர்' என்று ஒரு வரி. ரிப்போர்ட் வாட்ஸ்அப்பில் வந்தது. எல்லாம் சரி, அந்த ஒரு வரி மட்டும் தடித்த எழுத்தில், பக்கத்தில் மேல்நோக்கி ஓர் அம்புக்குறி. அந்தச் சோதனை எதற்கு, எண் கூடினால் அடுத்து என்ன என்று ரத்தம் எடுக்கும்முன் ஒருவரும் பேசவில்லை. பின்னாலும் பேசவில்லை. 'உங்கள் மருத்துவரை அணுகவும்' என்று கீழே அச்சடித்திருந்ததோடு அவர்கள் வேலை முடிந்தது.

அப்புறம் ஸ்கேன். சினைப்பைகள் இரண்டும் நன்றாக இருக்கின்றன. கர்ப்பப்பைச் சுவர் மட்டும் தடித்திருக்கிறது. அடினோமயோசிஸ் என்றார்கள். கர்ப்பப்பையின் உள்தோல் அதன் தசைக்குள்ளேயே புகுந்து வளர்வது. கேன்சர் அல்ல. மாதவிடாய் நாட்களில் ஏன் இத்தனை வருஷம் சுருண்டு படுத்தேன் என்பதற்கு அன்றைக்குத்தான் காரணம் தெரிந்தது. அந்த ஒரு விஷயத்துக்கு மட்டும் செக்கப்புக்கு நன்றி சொல்லலாம்.

சிஏ 125 சினைப்பைக் கேன்சரில் மட்டும் சுரப்பதில்லை. வயிற்றின் உள்ளுறை, நெஞ்சின் உள்ளுறை, கர்ப்பப்பையின் உள்தோல், இவை எல்லாமே அதைச் சுரக்கும். அங்கே எது உறுத்தினாலும் எண் ஏறும். மாதவிடாய், கர்ப்பம், நார்க்கட்டி, கர்ப்பப்பையின் உள்தோல் போன்ற திசு அதற்கு வெளியே வளரும் எண்டோமெட்ரியோசிஸ், அடினோமயோசிஸ், கல்லீரல் சுருக்கம், இதயம் பலவீனமாகி நீர் கோப்பது என்று பட்டியல் நீளம். நம் நாட்டில் இன்னொன்றையும் சேர்க்க வேண்டும்: வயிற்றுக் காசநோய். வயிற்றில் நீர், உடல் மெலிவு, சிஏ 125 நூற்றுக்கணக்கில் என்று முற்றிய சினைப்பைக் கேன்சர் போலவே வேஷம் போடும். திசுவை எடுத்துப் பார்த்தால் காசநோய்! மாத்திரையில் குணமாகிவிடும்.

இதைக் கண்டுபிடித்தவர்களும் எதையும் மறைக்கவில்லை. அமெரிக்காவில் ராபர்ட் பாஸ்ட்டும் அவர் குழுவும் 1983இல் வெளியிட்ட கட்டுரையிலேயே கணக்கு இருக்கிறது. சினைப்பைக் கேன்சர் உறுதியானவர்களில் 82 சதவீதம் பேருக்கு 35ஐத் தாண்டியிருந்தது. ஆரோக்கியமாக இருந்த 888 பேரில் தாண்டியது 1 சதவீதம். ஒரு சதவீதம்தானே என்று தோன்றும். ஒரு லட்சம் ஆரோக்கியமான பெண்களுக்கு இந்தச் சோதனையைச் செய்தால் ஆயிரம் பேருக்கு அம்புக்குறி விழும். இந்தியாவில் சினைப்பைக் கேன்சர் வருவது வருஷத்துக்கு லட்சம் பெண்களில் பத்துக்கும் குறைவானவர்களுக்கு. மீதித் தொள்ளாயிரத்துச் சொச்சம் பேர் என்ன செய்வார்கள்? என்னை மாதிரி ராத்திரி இரண்டு மணிக்கு போனில் தேடிக்கொண்டிருப்பார்கள்.

எனக்கு இந்த எண்ணைவிடப் பெரிய தொல்லை, அதற்கு ஊரார் சொல்லும் வைத்தியம்தான். "எதுக்கு வம்பு? கர்ப்பப்பைய எடுத்துடு." என் அண்ணி சொன்னார். பக்கத்து வீட்டு அக்கா சொன்னார். முதலில் பார்த்த டாக்டரும் சொன்னார். "ரெண்டு குழந்தை பெத்தாச்சுல்லம்மா, இனிமே அது எதுக்கு? சினைப்பையையும் சேர்த்து எடுத்துட்டா நிம்மதியா இருக்கலாம்." கூட வந்திருந்த என் கணவரின் முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்ததைப் பார்த்தேன். அவரைக் குறை சொல்லவில்லை. தேதி குறித்து முடிக்கிற மாதிரி ஒரு வேலை கிடைத்துவிட்டதே என்கிற நிம்மதி அது.

நான் எடுக்கவில்லை. பிடிவாதம் என்று வீட்டில் பெயர். ஆனால் தேடிப் படிக்கப் படிக்க, பிடிவாதத்துக்குக் காரணம் கூடிக்கொண்டேதான் போனது.

அமெரிக்காவில் 78,000க்கும் அதிகமான பெண்களை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. எல்லோரும் 55 முதல் 74 வயது. பாதிப் பேருக்கு வருஷந்தோறும் சிஏ 125ம் ஸ்கேனும். மீதிப் பேருக்கு வழக்கமான மருத்துவம் மட்டும். 2011இல் முடிவு வந்தது. சினைப்பைக் கேன்சரால் இறந்தவர்களின் எண்ணிக்கை சோதனையால் குறையவில்லை. ஆனால் 3,285 பெண்களுக்குக் கேன்சர் இல்லாமலேயே சந்தேகம் கிளம்பியது. அவர்களில் 1,080 பேரின் வயிற்றைக் கிழித்துப் பார்த்தார்கள். அதில் 163 பேருக்கு அறுவை சிகிச்சையால் கடுமையான சிக்கல்கள். இல்லாத நோய்க்கு!

பிரிட்டனில் இதைவிடப் பெரிதாக, இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்களை வைத்துப் பார்த்தார்கள். ஒரே ஒரு எண்ணைப் பார்த்து முடிவு செய்யாமல், வருஷா வருஷம் அது எப்படி ஏறுகிறது என்று கவனித்தார்கள். நோயை ஆரம்ப நிலையில் கூடுதலாகப் பிடிக்கவும் முடிந்தது. அப்படியிருந்தும் 2021இல் கணக்குப் பார்த்தபோது சாவு குறையவில்லை. சீக்கிரம் கண்டுபிடித்தால் பிழைத்துக்கொள்ளலாம் என்று நாம் எல்லா நோய்க்கும் சொல்லிக்கொண்டிருக்கிறோம். இந்த நோய் அந்த வாக்கியத்துக்கு இன்னும் கட்டுப்படவில்லை.

கேன்சருக்குச் சிகிச்சை முடித்தவர்களிடமும் ஒரு சோதனை செய்தார்கள். 2010இல் வெளியானது. சிஏ 125 மறுபடி ஏறியவுடனேயே கீமோ கொடுத்தவர்களும், உடம்பில் தொந்தரவு தெரிந்த பிறகு கொடுத்தவர்களும் ஏறத்தாழ ஒரே அளவு காலம்தான் வாழ்ந்தார்கள். எண்ணைத் துரத்தியவர்களுக்கு மிஞ்சியது சீக்கிரமே ஆரம்பித்த கீமோ அவஸ்தை. நோய் இருந்தவர்களுக்கே இப்படி என்றால், ஒரு அம்புக்குறிக்காக நான் ஏன் மேஜையில் படுக்க வேண்டும்?

சினைப்பையை எடுப்பது ஒன்றும் சும்மா இல்லை. மாதவிடாய் நிற்கும்முன் இரண்டையும் எடுத்தால் மறுநாளே மெனோபாஸ். எலும்பு தேய்வதும், இதய நோய் வருகிற வாய்ப்பும் கூடும். "நிம்மதி" என்று சொன்ன டாக்டர் இதில் ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை.

ஏஞ்சலினா ஜோலி எடுத்துக்கொள்ளவில்லையா என்று ஆபீஸில் ஒரு தங்கச்சி கேட்டாள். எடுத்துக்கொண்டார், 2015இல். ஆனால் அவருக்கு பிஆர்சிஏ 1 மரபணுவில் மாற்றம் இருந்தது. மார்பக, சினைப்பைக் கேன்சர் வருகிற வாய்ப்பை வெகுவாகக் கூட்டுகிற மாற்றம் அது. அம்மாவையே சினைப்பைக் கேன்சருக்குப் பறிகொடுத்தவர். சொல்லப்போனால், அப்போது அவருடைய சிஏ 125 இயல்பாகத்தான் இருந்தது. அவர் எடுத்தது மரபணுவைப் பார்த்து. எங்கள் குடும்பத்தில் அப்படி யாருக்கும் கிடையாது. இருந்திருந்தால் இந்தப் பதிவே வேறு மாதிரி இருந்திருக்கும்.

கேன்சர் பயத்தைக் காட்டிக் கர்ப்பப்பையை எடுப்பது நம் நாட்டுக்குப் புதிதல்ல. மகாராஷ்டிரத்தின் பீட் மாவட்டத்தில் கரும்பு வெட்டப் போகும் பெண்கள் ஆயிரக்கணக்கில் இளம் வயதிலேயே கர்ப்பப்பையை இழந்த செய்தி 2019இல் நாடு முழுக்க வந்தது. எடுக்காவிட்டால் கேன்சர் வரும் என்று பயமுறுத்தினார்கள் என்று அந்தப் பெண்களில் பலர் சொன்னார்கள். தேவையில்லாத கர்ப்பப்பை நீக்கத்தைத் தடுக்கும் வழிமுறைகளை மாநிலங்கள் நடைமுறைப்படுத்த வேண்டும் என்று உச்ச நீதிமன்றமே 2023இல் உத்தரவு போட வேண்டியிருந்தது. ஏசி அறையில் உட்கார்ந்து மாஸ்டர் செக்கப் செய்துகொள்கிற நானும் கரும்புக் காட்டுப் பெண்ணும் ஒன்றல்ல. பயம் காட்டுகிற வாக்கியம் மட்டும் இருவருக்கும் ஒன்றுதான்.

இரண்டாவதாகப் பார்த்த டாக்டரம்மாவுக்கு வயது எழுபது இருக்கும். ஸ்கேனை நிதானமாகப் பார்த்தார். "இதுல பயப்பட ஒண்ணும் இல்லம்மா. அடினோமயோசிஸே உங்க நம்பருக்குக் காரணமா இருக்கலாம். ஆனா கேன்சரே வராதுன்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன்" என்றார். அதைக் கேட்ட அன்றுதான் எனக்குக் கொஞ்சம் தூக்கம் வந்தது. தெரியாததைத் தெரியாது என்று சொல்கிறவர், தெரிந்ததையும் சரியாகத்தானே சொல்வார்?

அவர் போட்டுக் கொடுத்த ஒழுங்கில்தான் இப்போது ஓடுகிறது. குறித்த இடைவெளியில் ஒரு ஸ்கேன், ஒரு ரத்தச் சோதனை. எப்போதும் அதே லேப், ஏனென்றால் கருவிக்குக் கருவி எண் மாறும். மாதவிடாய் நாட்களில் ரத்தம் கொடுப்பதில்லை. நடுவில் பயம் வந்தாலும் தேதிக்கு முன்னால் போவதில்லை. இந்தக் கடைசி விதிதான் கஷ்டம். வயிறு லேசாக உப்பினாலே கை தானாக அங்கே போய்விடும். நேற்று சாப்பிட்ட மொச்சைக்கொட்டையா, வேறு எதாவதா? தேதி நெருங்கும் வாரத்தில் பிள்ளைகளிடம் எரிந்து விழுகிறேன், அவர்களுக்கும் பழகிவிட்டது. 'பாசிட்டிவா இரு' என்பவர்களிடம் மட்டும் இப்போதெல்லாம் பதில் சொல்வதில்லை. என் மனநிலையைப் பார்த்தா அந்தப் புரதம் ஏறி இறங்குகிறது?

இந்தச் சோதனையே வேண்டாம் என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ளாதீர்கள். வயிறு உப்பியே இருப்பது, நாலு வாய்க்குள் வயிறு நிறைந்துவிடுவது, அடிவயிற்று வலி, அடிக்கடி சிறுநீர் என்று வாரக்கணக்கில் விடாமல் இருந்தால், அதிலும் ஐம்பதைத் தாண்டியவர்களுக்கு, சிஏ 125ம் ஸ்கேனும் அவசியம். மாதவிடாய் நின்ற பிறகு அதே எண்ணுக்குக் கனம் அதிகம். கட்டி இருந்தால் அதன் ஆபத்தைக் கணக்கிட டாக்டர்கள் பயன்படுத்தும் ஒரு சூத்திரத்தில், மாதவிடாய் நின்றவர்களுக்கு எண்ணை மூன்றால் பெருக்குவார்கள். குடும்பத்தில் மார்பக, சினைப்பைக் கேன்சர் இருப்பவர்கள் கதையும் வேறு. தொந்தரவு எதுவும் இல்லாதவளுக்குக் கொசுறாகக் கொடுப்பதைத்தான் வேண்டாம் என்கிறேன்.

போன மாதம் எங்கள் எச்ஆரிடம் போய், அந்த வரியை பேக்கேஜிலிருந்து எடுக்கச் சொல்லுங்கள் என்று கேட்டேன். "எடுத்தாலும் ரேட் குறையாது மேடம், ஃப்ரீயா வர்றது இருந்துட்டுப் போகட்டுமே" என்றார். எழுத்தில் கொடுத்திருக்கிறேன், பதில் வரவில்லை. அதுவரை எங்கள் தளத்துப் பெண்களிடம் சொல்லி வைத்திருக்கிறேன்: ரத்தம் எடுக்க வருகிற பையனிடம் லிஸ்டைக் கேட்டு வாங்கிப் பாருங்கள், வேண்டாம் என்றால் அந்த வரியை அடித்துக் கையெழுத்துப் போடுங்கள். நம் ரத்தம், அடிக்க நமக்கு உரிமை உண்டு. இந்த வருஷம் நாலு பேர் அடித்தார்கள். ஒருத்தி யோசித்துவிட்டு, "இல்லக்கா, எனக்குத் தெரிஞ்சுக்கணும்" என்றாள். அவள் அத்தைக்குச் சினைப்பைக் கேன்சராம். அப்படியானால் செக்கப்பை விட்டுவிட்டு முதலில் ஒரு டாக்டரைப் பார் என்று நம்பர் கொடுத்தேன்.