ஸ்டெல்லாரிஸில் எல்லை தானாக விரியாது

"ஸ்டெல்லாரிஸில் ஒரு கோளில் குடியேறி மக்கள்தொகையைப் பெருக்கினால் போதும், எல்லை தானே விரிந்து பக்கத்து நாட்டு நட்சத்திரங்களையும் விழுங்கிவிடும்." ஸ்டெல்லாரிஸ் என்ற விண்வெளி வியூகக் கணினி ஆட்டத்தைப் புதிதாக ஆடுபவர்களிடையே இப்படி ஒரு யோசனை சுற்றி வருகிறது.

ஒரு காலத்தில் இது உண்மைதான். 2016-ல் ஆட்டம் வெளியானபோது குடியேற்றங்களைச் சுற்றி எல்லை வட்டமாகப் படரும். 2018 பிப்ரவரியில் வந்த 2.0 பதிப்பு அதைத் தூக்கி எறிந்தது. இப்போது ஒரு நட்சத்திரத்தின் விண்தளம் யாருடையதோ, இடமும் அவருடையது. கட்டுமானக் கப்பலை அனுப்பி, இன்ஃப்ளூயன்ஸ் என்ற செல்வாக்குப் புள்ளிகளைச் செலவழித்துத் தளம் கட்ட வேண்டும். தூரம் கூடினால் செலவும் கூடும்.

சரி, அடுத்தவர் இடம்? கிளெய்ம் போட்டதும் கைக்கு வந்துவிடாது; அது வெறும் உரிமைகோரல்தான். போர் நடக்க வேண்டும். யாரும் சரணடையாமல் செய்துகொள்ளும் 'ஸ்டேட்டஸ் கோ' சமாதானத்தில் போர் முடிந்தால், கிளெய்மும் போட்டு முழுதாகப் பிடித்தும் வைத்திருக்கும் இடங்கள்தான் கிடைக்கும். விண்தளத்தைப் பிடித்துவிட்டு, கீழே எதிரி குடியிருக்கும் கோளில் படை இறக்காமல் விட்டீர்களா? அந்த நட்சத்திரம் அவனுக்கே திரும்பிவிடும். பலர் ஏமாறுவது இங்கேதான்.