அப்டேட்டை ஆஃப் பண்ணச் சொன்னவர்களுக்கு

20-ஆம் தேதி அந்த ஆடிட்டர் ஆபீஸில் நடந்ததைப் பற்றி ஆளாளுக்குப் பேசியாகிவிட்டது. அங்கே சிஸ்டம் பார்க்கிறவன் நான்தான், நானும் பேசிவிடுகிறேன். ஆமாம், ஜிஎஸ்டிக்கான மாதாந்திர 3பி ரிட்டர்ன் ஃபைல் பண்ண வேண்டிய கடைசி நாள் சாயங்காலம் விண்டோஸ் அப்டேட்டுக்காக சிஸ்டம் தானாக ரீஸ்டார்ட் ஆனது. நாற்பது நிமிஷம் போனது. ஆனால் ராத்திரி ஒன்பதரைக்குள் எல்லா ரிட்டர்னும் போய்விட்டது, ஒரு ரூபாய்கூட லேட் ஃபீ இல்லை. இதை மட்டும் யாரும் வெளியே சொல்லவில்லை. "இனிமேல் அப்டேட்டையே ஆஃப் பண்ணிவிடு" என்கிறார்கள். பண்ண மாட்டேன்.

தள்ளிப் போடலாம். நிறுத்தக் கூடாது.

"ரீஸ்டார்ட் செய்யவா?" என்று அந்த மெஷின் ஒரு வாரமாகக் கேட்டுக்கொண்டிருந்தது. ஒரு வாரமும் "அப்புறம்" என்றே அழுத்தியிருக்கிறார்கள். தானாக ரீஸ்டார்ட் ஆகக் கூடாத வேலை நேரம் செட்டிங்கில் மாலை 5 மணியோடு முடிகிறது. ஆறரைக்கு எல்லோரும் டீ குடிக்க எழுந்தார்கள், அது தன் வேலையைப் பார்த்தது.

மைக்ரோசாஃப்ட் 2003-லிருந்து மாதத்தின் இரண்டாம் செவ்வாயில்தான் வழக்கமான பேட்ச், அதாவது பாதுகாப்பு ஓட்டைகளை அடைக்கும் அப்டேட், விடுகிறது. நமக்கு அது செவ்வாய் ராத்திரி. தேதி 8-லிருந்து 14-க்குள். அதை அடுத்து வரும் சனிக்கிழமை 12-லிருந்து 18-க்குள் விழும். மாதா மாதம் ஃபைல் பண்ணுகிறவர்களுக்கு 11-ஆம் தேதி ஜிஎஸ்டிஆர்-1 என்ற விற்பனை ரிட்டர்ன் முடிந்திருக்கும், 20-ஆம் தேதி 3பி இன்னும் வந்திருக்காது. அந்தச் சனிக்கிழமை சாயங்காலம் போட்டுவிடுங்கள் என்று ஒரு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். நாலு நாள் காத்திருப்பதால் பேட்ச்சில் ஏதாவது கோளாறு இருந்தாலும் அதற்குள் தெரிந்துவிடும். அதற்கு மேல் காத்திருப்பதுதான் ஆபத்து. ஓட்டை எங்கே இருந்தது என்பதைப் பழைய ஃபைலையும் புது ஃபைலையும் ஒப்பிட்டே திருடன் கண்டுபிடித்துவிடுவான்.

2017-இல் நான் ஒரு போட்டோ ஸ்டூடியோவுக்கு சிஸ்டம் பார்த்தேன். விண்டோஸ் 7. ஆல்பம் டிசைன் பண்ணும்போது தொந்தரவு என்று முதலாளி சொன்னார், அப்டேட்டை ஆஃப் பண்ணினேன். என் கையால்தான் பண்ணினேன். ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் வான்னாக்ரை வைரஸ் நுழைந்து வந்த ஓட்டைக்கு மார்ச் 14-ஆம் தேதியே பேட்ச் வந்துவிட்டது. வைரஸ் பரவ ஆரம்பித்தது மே 12. இடையில் முழுசாக 59 நாள். திங்கட்கிழமை கடையைத் திறந்தால் சிவப்புக் கட்டம், 300 டாலர் பிட்காயின் கேட்டு ஓடும் கடிகாரம், எந்தப் படத்தைத் தொட்டாலும் திறக்கவில்லை. ஒரு கல்யாணப் படம் மொத்தமும் போனது. ஆடி மாசம் அந்தக் கல்யாணப் பெண்ணின் அப்பா காலமானார். மாலை போட்டுச் சுவரில் மாட்ட ஒரு படம் கேட்டு அவள் அண்ணன் வந்து நின்றார். கொடுக்க எங்களிடம் ஒன்றுமில்லை.

"2018 அக்டோபர் அப்டேட் டாக்குமென்ட்ஸையே அழித்ததே?" அழித்தது, உண்மை. அது பெரிய வெர்ஷன் அப்டேட், மாதாந்திரப் பாதுகாப்பு பேட்ச் இல்லை. சில நாளிலேயே திரும்பப் பெற்றார்கள். பேக்கப் வையுங்கள் என்று நான் கத்துவது அதற்காகத்தான். "2024 ஜூலையில் 85 லட்சம் கம்ப்யூட்டர் நீலத் திரையில் நின்றதே?" அது விண்டோஸ் அப்டேட்டே இல்லை. க்ரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்புக் கம்பெனி அனுப்பிய ஃபைல். "சிஸ்டம் ஸ்லோ ஆகிறது" என்பவர்கள் முதலில் அந்தப் பழைய ஹார்டு டிஸ்க்கை மாற்றுங்கள்.

என்னைப் பற்றிப் பேசியதையும் சொல்லிவிடுகிறேன். "சிஸ்டம் பார்க்கிற பையன் சொதப்பிட்டான்." எனக்கு நாற்பத்திரண்டு வயது. அன்று நான் சாப்பிடக்கூட எழவில்லை. நல்லபடியாக ஓடும் முன்னூறு நாளில் ஒருவரும் என்னைக் கூப்பிட்டதில்லை. நாற்பது நிமிஷத்துக்கு ஊரெல்லாம் பேச்சு. வலிக்கிறது.

அப்டேட் ஆஃப் ஆகாது. பிடிக்கவில்லை என்றால் வேறு ஆளைப் பாருங்கள். வேண்டும் என்றால், இரண்டாம் செவ்வாய்க்கு அடுத்த சனிக்கிழமை ஏழு மணிக்கு வருகிறேன். மெஷின்களை ஆஃப் பண்ணாமல் வைத்துவிட்டு, சாவியை வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டுப் போங்கள்.