எஸ்.எஸ்.டி.யை வாராவாரம் டிஃப்ராக் செய்யணுமா?

"லேப்டாப் வேகமாக ஓட, எஸ்.எஸ்.டி.யை வாராவாரம் டிஃப்ராக் செய்யுங்கள்" என்று ஹட்டன் பக்கத்து வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு குரல்பதிவு சுற்றுகிறது. தவறு. எஸ்.எஸ்.டி. என்பது சுழலும் தட்டு இல்லாமல், ஃப்ளாஷ் எனும் நினைவகச் சில்லுகளில் கோப்புகளைச் சேமிக்கும் டிரைவ். டிஃப்ராக் என்பது டிரைவில் சிதறிக் கிடக்கும் கோப்புத் துண்டுகளை இடம்மாற்றி ஒன்றுசேர்ப்பது.

சுழலும் ஹார்ட் டிஸ்க்கில் தகவலைப் படிக்கும் ஹெட் அங்குமிங்கும் ஓட வேண்டும். சிதறிய கோப்பை ஒன்றுசேர்த்தால் பலன் உண்டு. ஃப்ளாஷில் ஓடுவதற்கு ஒன்றுமே இல்லை. அதோடு, எழுதிய 'பக்கத்தின்' (தகவல் எழுதப்படும் சிறு பகுதி) மேலேயே திரும்ப எழுத முடியாது. பல பக்கங்கள் சேர்ந்த ஒரு பிளாக்கை முழுசாக அழித்த பிறகுதான் எழுதலாம். அழிக்க அழிக்க, தகவலைத் தாங்கும் நினைவகச் செல் தேயும். சும்மா கோப்புகளை இடம்மாற்றுவது ஆயுளைத் தின்கிற வேலை.

தேவைப்படுவது டிரிம்: எந்த இடம் காலி என்று டிரைவுக்குச் சொல்லும் கட்டளை. ('டிரிம்' என்றதும் தேயிலைச் செடியை வெட்டிவிடும் கவ்வாத்து ஞாபகம் வருகிறதா? எனக்கும்தான்.) 2009இல் வந்த விண்டோஸ் 7இலேயே இது இருக்கிறது. விண்டோஸ் 10இல் 'ஆப்டிமைஸ்' பட்டியலில் உங்கள் டிரைவுக்கு நேரே 'சாலிட் ஸ்டேட் டிரைவ்' என்று காட்டினால், அட்டவணைப்படி விண்டோஸே டிரிமை அனுப்பிவிடும்; நீங்கள் கைவைக்க வேண்டாம்.