ரப்பர் ஒட்டுக்கட்டலும் பத்தாம் வகுப்பு உயிரியலும்

பத்தாம் வகுப்பு அறிவியலில் மரபியல், பரிணாமம், இனக்கலப்பு மூன்றும் அடுத்தடுத்து வருகின்றன. மூன்றையும் தனித்தனிக் கேள்வி பதிலாக மனப்பாடம் செய்யவைக்கிறோம். ஒன்றுக்கொன்று என்ன தொடர்பு என்று கேட்டால் பிள்ளைகள் முழிக்கிறார்கள். ஒரே இனத்துக்குள் இருக்கும் வேறுபாடுதான் தொடர்பு. அது இல்லாவிட்டால் தேர்ந்தெடுக்க இயற்கைக்கும் ஒன்றுமில்லை, விவசாயிக்கும் ஒன்றுமில்லை. இதற்கு டார்வின் ஆராய்ந்த கலாபகஸ் தீவுக் குருவிகள்வரை போக வேண்டாம், நம்ம கன்னியாகுமரி மாவட்டக் குலசேகரம் பக்கத்து விளைகளே, அதாவது தோட்டங்களே போதும்.

டியூஷனுக்கு வரும் பையன் ஒருவன் கேட்டான்: “சார், ரப்பர்ல ஒட்டு கட்டுறது மரபணு மாற்றமா?” அவன் அப்பா ஒட்டு கட்டுகிறவர். கைடில் இதற்குப் பதில் கிடையாது.

நம்மூரில் பரவலாக நிற்கும் RRII 105 என்ற ரப்பர் ரகத்தை எடுத்துக்கொள்வோம். இரண்டு ரகங்களைக் கலந்து, பிறந்த நாற்றுகளில் பால் அதிகம் கொடுத்ததைப் பொறுக்கி, கோட்டயம் ரப்பர் ஆராய்ச்சி நிலையம் 1980இல் வெளியிட்டது. அதுவரைதான் இனக்கலப்பும் தேர்வும். அப்புறம் நடப்பதெல்லாம் நகலெடுப்பு, மரபணு மாற்றம் இல்லை. விதைக்கன்றின் பட்டையைச் சின்ன சன்னல் மாதிரி கீறி, உள்ளே 105இன் மொட்டு ஒன்றை வைத்து, பாலித்தீன் நாடாவால் இறுக்கிச் சுற்றுகிறார்கள். வேர் வேறு, மேலே எல்லாம் 105. ஆயிரம் மரம் நின்றாலும் பால் வெட்டும் பாகம் மரபணுக் கணக்கில் ஒரே மரம். மழைக்காலத்தில் கவட்டையில் இளஞ்சிவப்புப் பூசண நோய் பிடித்தால், தோட்டத்தில் நாலு மரமாவது தானாகத் தாங்கும் என்று இருக்க முடியாது. மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த போர்டோ பசையோடு மரம் ஏறத்தான் வேண்டும்.

வாழையும் அப்படித்தான், கன்றிலிருந்து கன்று. ஆனாலும் செவ்வாழைக்கு நடுவே எப்போதாவது ஒன்று பச்சைத் தண்டும் பச்சைக் குலையுமாக வந்து நிற்கும். சந்தையில் செவ்வாழை விலை கிடைக்காது என்று அதன் கன்றைத் தோண்டி எறிகிறோம். மரபணுவில் திடீர் மாற்றம், வேறுபாடு, செயற்கைத் தேர்வு மூன்றும் அந்த ஒரு மண்வெட்டி வீச்சில் முடிந்துவிடுகிறது. புத்தகப் படத்தைவிட இதைக் காட்டினால் எந்தப் பிள்ளைக்கும் புரியும்.

அடிப்படை புரிந்தால் மரபணு மாற்றத்தைப் பற்றியும் உருப்படியாகப் பேசலாம். 2021இல் அசாமில் சோதனைக்கு நட்ட ரப்பரில் முக்கியமாகச் சேர்த்தது ரப்பரின் சொந்த மரபணு ஒன்றின் கூடுதல் நகல். குளிரையும் வறட்சியையும் தாங்கவேண்டும் என்பது நோக்கம். ‘வேற்று உயிரியின் மரபணுவைப் புகுத்துதல்’ என்ற கைடு வரையறைக்குள் அது சரியாக அடங்காது. சோதனை முழுதாக முடியாமல் அதை நம் தோட்டங்களுக்கு விடக் கூடாது என்பதுதான் என் கட்சி. ஆனால் எதிர்க்கிறவன் எதை எதிர்க்கிறான் என்றாவது பத்தாம் வகுப்பிலேயே தெரிந்துகொள்ளட்டும்.